விறகு அடுப்பு எரியும் வீட்டில் காற்றைச் சுத்தமாக்க எதை முதலில் செய்வது?

குளிர்காலத்துக்கு விறகு அடுப்பை நம்பியிருக்கும் வீட்டில் காற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான் வரும்: ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா, இல்லை பழைய அடுப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு வைக்கலாமா? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் புகை எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று பார்க்காமல் பணத்தைப் போட்டால், நிறைய செலவழித்த பிறகும் திரைச்சீலையில் அதே புகை வாசம் இருக்கும். நான் இங்கே சொல்வது சமையல் அடுப்பை அல்ல. கதவும் புகைபோக்கியும் வைத்து, அறையைச் சூடாக்குவதற்கென்றே இருக்கும் இரும்பு அடுப்பை. அதை வைத்திருப்பவர்களுக்கு முன்னால் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன, விலையிலும் பலனிலும் அவை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் ஒப்பிடுவதற்கு இடமே இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரம். இது எந்த வழியோடும் போட்டி போடும் பொருள் அல்ல, அடுப்பு இருந்தால் இதுவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். தீ நன்றாக எரியும்போதைவிட, ராத்திரி கங்கு மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அப்போது புகைபோக்கி ஆறிப்போய், புகையை மேலே இழுக்கும் வலு, அதாவது இழுவை, குறைந்திருக்கும், வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். அடுப்பு உள்ள அறையில் ஒன்று, படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனதும் சரியாகிறது என்றால் உள்ளே திரும்பிப் போகவே போகாதீர்கள்.

இனி புகைத்துகள். விறகுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை, தலைமுடியின் பருமன் ஐம்பது மைக்ரானுக்கு மேல் இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பொடி என்று புரியும். மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுத்து நிறுத்தாது, நேராக நுரையீரலின் அடி வரைக்கும் போகும். பிஎம் 2.5 என்று, 2.5 மைக்ரானுக்கு மேற்படாத துகள்களைச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கில்தான் இவை வரும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 15. அடுப்பு எரியும் வீட்டில் ஒரு தடவை கதவைத் தவறாகத் திறந்தால் போதும், சில நிமிடத்துக்கு இந்த எண்ணைப் பல மடங்கு தாண்டிவிடும். வீட்டில் விறகு போன்றவற்றை எரிப்பதால் வரும் புகையை, புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, "மரம்தானே, இயற்கையானதுதானே" என்று நானே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நினைப்பு தவறு.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் ஒரு வாரம் அளந்து பார்க்கச் சொல்வேன். லேசரால் துகளை எண்ணும் சின்ன மீட்டர்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. விறகுப் புகை என்றால் இவை கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதனால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், எப்போது ஏறுகிறது எப்போது இறங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள். பற்றவைக்கும்போதும் விறகு போடும்போதும் மட்டும் குத்தென ஏறி அப்புறம் இறங்கினால், புகை கதவு வழியாக வருகிறது. கதவையே திறக்காமல் எரியவிட்டும் எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால், எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை. அடுப்பு அணைந்து நாளாகியும் எண் உயரமாகவே நின்றால், அது உங்கள் அடுப்பே இல்லை, அக்கம்பக்கத்துப் புகை ஜன்னல் இடுக்கு வழியாக வருகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கதவுக் கோளாறுக்குப் புகைபோக்கியை உயர்த்திப் பயனில்லை, அக்கம்பக்கத்துப் புகைக்குப் புது அடுப்பு எதுவும் செய்யாது.

சரி, செலவே இல்லாத வழியில் ஆரம்பிக்கலாம்: அடுப்பை எரிக்கும் விதத்தை மாற்றுவது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளுக்குள் மீட்டர் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. அந்த அடுப்புகள் அரசின் அங்கீகாரம் பெற்ற வகை, இருந்தும் அடுப்பு எரிந்த நேரங்களில் வீட்டுக்குள் துகள் அளவு பல மடங்கு எகிறியது, அதுவும் திரும்பத் திரும்பக் கதவைத் திறந்து விறகு போட்டவர்கள் வீட்டில் இன்னும் அதிகம். ஆக, கதவை எத்தனை தடவை திறக்கிறோம், எப்படித் திறக்கிறோம் என்பது பெரிய விஷயம். தழல் எரிந்துகொண்டிருக்கும்போது திறக்காமல் கங்காகத் தணிந்த பிறகு திறக்க வேண்டும். திறப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து இழுவையைக் கூட்டிவிட்டு, கதவை ஒரு விரல் அளவுக்கு மட்டும் விலக்கிச் சில விநாடி பொறுத்து, அப்புறம் மெதுவாகத் திறக்க வேண்டும். படக்கென்று இழுத்தால் கதவே விசிறி மாதிரி புகையை வெளியே இழுத்துக்கொண்டு வரும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். விறகைத் துண்டு துண்டாகப் பத்து தடவை போடுவதைவிட, அடுப்பின் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு ஒரேயடியாக அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்துவது மேல்.

பற்றவைப்பதும் அப்படித்தான். நம்மில் பெரும்பாலோர் கீழே காகிதமும் சுள்ளியும் வைத்து மேலே பெரிய விறகை அடுக்கிக் கொளுத்துவோம். தலைகீழாகச் செய்து பாருங்கள்: பெரிய விறகு அடியில், அதன்மேல் நடுத்தரம், உச்சியில் சுள்ளி, நெருப்பு மேலேயிருந்து கீழே இறங்கட்டும். கீழே உள்ள விறகிலிருந்து கிளம்பும் புகை மேலே எரியும் தழலைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் அதுவும் எரிந்துவிடுகிறது, புகைபோக்கியும் சீக்கிரம் சூடாகிறது. முதல் இரண்டு தடவை பொறுமையைச் சோதிக்கும், பிறகு பழகிவிடும்.

இதில் மன்னிக்கவே முடியாத பழக்கம் ஒன்று இருக்கிறது என்றால், ராத்திரி முழுக்கச் சூடு நிற்கட்டும் என்று விறகை நிறைத்துக் காற்றை இறுக அடைத்துவிட்டுப் படுக்கப் போவதுதான். தீ மூச்சு முட்டிப் புகைந்துகொண்டே கிடக்கும். அரைகுறையாக எரிந்த புகை முழுக்கப் புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட்டாக, கீல் மாதிரி படியும். அது பின்னாளில் தீப்பிடித்தால் புகைபோக்கியோடு வீடும் போகும். துகள், கார்பன் மோனாக்சைடு, புகைபோக்கித் தீ, மூன்றையும் ஒரே இரவில் வரவழைக்கும் பழக்கம் இது. மாலையில் நன்றாகக் கொழுந்துவிட்டு எரியவிட்டுச் சுவரையும் தரையையும் சூடாக்கிவிட்டு, இரவில் போர்வையை நம்புவது எவ்வளவோ மேல்.

அடுத்தது விறகின் ஈரம். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி கூடத் தண்ணீராக இருக்கும். பத்து கிலோ பச்சை விறகு போட்டால் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிப் புகைபோக்கி வழியாக அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம், அந்த வேலைக்குச் செலவாகும் சூடு உங்கள் அறைக்கு வராது. தீ குளிர்ந்து எரியும், புகை கூடும். இருபது சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. இங்கிலாந்தில் 2021 மே முதல் இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகுக்கு இந்த இருபது சதவீதத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். மென்மரம் பிளந்து அடுக்கினால் ஒரு வெயில்காலத்தில் காயலாம், கெட்டி மரத்துக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேண்டும். பிளக்காமல் உருட்டையாகவே வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் காய வெகுகாலம் ஆகும், பட்டை அதை எளிதில் விடாது. மண்ணில் படாமல் கட்டை மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் கூரை போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். தார்பாயால் நாலு பக்கமும் போர்த்துகிறார்களே, அது விறகைக் காயவிடாமல் புழுக்கத்தான் செய்யும்.

ஈரப்பத மீட்டர் என்று இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி இருக்கிறது, இந்தக் கட்டுரையில் வரும் பொருள்களிலேயே மலிவானது அதுதான். பலரும் விறகின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று திருப்திப்படுகிறார்கள். அது சரியில்லை, ஒரு கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லை என்றால் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீர் என்று கேட்கும், ஈரமானது மந்தமாகக் கேட்கும், முனையில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், சாயம் பூசிய பலகை, ப்ளைவுட், மருந்து ஏற்றிய மரம், பிளாஸ்டிக், அச்சடித்த அட்டைப்பெட்டி, இவற்றில் ஒன்றையும் அடுப்பில் போடக் கூடாது.

காய்ந்த விறகுக்கும் கதவுப் பழக்கத்துக்கும் செலவு குறைவுதான், ஆனால் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டுமே மனிதர் ஒழுங்காகச் செய்தால்தான் பலன் தரும். அமெரிக்காவில் விறகு அடுப்பு வைத்திருக்கும் கிராமப்புறக் குடும்பங்களில் நடந்த ஆய்வு ஒன்றில், சில வீடுகளுக்கு நல்ல விறகு எரிப்புப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்து அதற்கான சாமான்களையும் கொடுத்தார்கள், சில வீடுகளுக்குக் காற்று வடிகட்டி கொடுத்தார்கள். வடிகட்டி வைத்த வீடுகளில் துகள் நன்றாகக் குறைந்தது, கற்றுக்கொடுத்த வீடுகளில் துகள் அளவில் சொல்லும்படி மாற்றம் இல்லை. களைத்துப்போய் வீடு திரும்பும் மாலையில், குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது, ஒரு நிமிடம் காத்திருந்து கதவைத் திறக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? இதைப் படித்த பிறகு நான் என் வரிசையையே மாற்றிக்கொண்டேன். பழக்கத்தை முதலில் திருத்து, மெஷின் அப்புறம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இப்போது இரண்டையும் ஒன்றாக ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

அதனால் வடிகட்டிக்கு வருகிறேன். நல்ல ஹெப்பா வடிகட்டி, பிடிப்பதற்கே கடினமான 0.3 மைக்ரான் துகளைக்கூட 99.97 சதவீதம் பிடித்துவிடும், அதைவிடச் சின்னதும் பெரியதும் இன்னும் நன்றாகவே சிக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் விறகுப் புகை சூழ்ந்த ஸ்மிதர்ஸ் என்ற ஊரில் நடந்த ஆய்வில், ஹெப்பா வடிகட்டி ஓடிய வாரத்தில் வீட்டுக்குள் நுண்துகள் சராசரியாக அறுபது சதவீதம் குறைந்தது, அங்கே இருந்தவர்களின் ரத்தக்குழாய்களின் செயல்பாடுகூட மேம்பட்டதாக அளந்து காட்டினார்கள். ஆரோக்கியமான பெரியவர்களிடம், அதுவும் ஒரே வாரத்தில்.

ஆனால் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் "இத்தனை சதுர மீட்டர் அறைக்கு" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். சிஏடிஆர் என்ற எண்ணைத் தேடுங்கள், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுத்தமான காற்றைத் தருகிறது என்பதன் அளவு அது. கணக்கு எளிது: இருபது சதுர மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் ஐம்பது கன மீட்டர் காற்று, மணிக்கு ஐந்து தடவை அது முழுக்க வடிகட்டப்பட வேண்டும் என்றால் 250 கன மீட்டர் சிஏடிஆர் வேண்டும். அந்த எண் முழு வேகத்துக்கு உரியது, சத்தம் தாங்காமல் மெதுவாக ஓடவிட்டால் பாதிகூட வராது. அதனால் தேவைக்கு மேலே ஒரு படி பெரிதாக வாங்கி நடுத்தர வேகத்தில் நாள் முழுக்க ஓடவிடுவதுதான் என் யோசனை. கதவு திறந்திருக்கும் பெரிய ஹாலுக்குச் சின்ன மெஷின் ஒன்றை மூலையில் வைப்பது, யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி. ஒன்றுக்குமேல் வாங்க வசதி இல்லை என்றால் அடுப்பு இருக்கும் அறையா, படுக்கும் அறையா என்ற கேள்வி வரும். புகை கதவு வழியாக வருகிறது என்று அளந்து தெரிந்தால் அடுப்பு அறை, அக்கம்பக்கத்துப் புகை என்றால் படுக்கை அறை.

காசு குறைவு என்றால் கைவேலையாகவே ஒன்று செய்யலாம். 2020-இல் அமெரிக்கர்களான ரிச்சர்ட் கோர்ஸியும் ஜிம் ரோசந்தாலும் பிரபலமாக்கிய முறை அது, மெர்வ் 13 (வடிகட்டும் திறனைச் சொல்லும் அளவு) தரமுள்ள நாலைந்து சதுர வடிகட்டிகளைப் பெட்டி மாதிரி சேர்த்து டேப் ஒட்டி மேலே ஒரு பெட்டி வடிவ ஃபேன் வைப்பார்கள். ஒரு தடவை கடந்துபோகும் காற்றில் ஹெப்பா அளவுக்கு அது பிடிக்காது, ஆனால் காற்று நிறையப் போவதால் மொத்தத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. சத்தமும் இடமும்தான் குறை. ஓசோன் உண்டாக்கும் மெஷின்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஓசோனே நுரையீரலை எரிக்கும் வாயு. அடுப்பு மேல் தண்ணீர்ப் பாத்திரம் வைப்பது வறட்சிக்கு உதவும், புகைக்கு உதவாது. செடி வளர்ப்பதும் அப்படித்தான், அழகுக்கு வையுங்கள்.

வடிகட்டி செய்ய முடியாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். கார்பன் மோனாக்சைடை அது தொடவே தொடாது. பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களை ஹெப்பா பிடிக்காது, கனமாகக் கரித்தூள் வைத்த மாடல்கள் ஓரளவு பிடிக்கும், மெல்லிய கரித்துணி ஒட்டியவை சீக்கிரமே சலித்துப்போகும். கசிகிற அடுப்பை வைத்துக்கொண்டு வடிகட்டியால் சமாளிப்பது, மீட்டரில் எண் இறங்கியதால் நிம்மதியாகி, வாயுவை மட்டும் சுவாசித்துக்கொண்டிருப்பதில் போய் முடியும். அதனால்தான் வடிகட்டியை அடுத்து வரும் வழிக்கு மாற்றாக யாரும் நினைக்கக் கூடாது.

கசிவும் இழுவையும். அடுப்புக் கதவின் ஓரத்தில் ஒரு கயிறு மாதிரி கேஸ்கெட் இருக்கும், நாளாக நாளாக அது அமுங்கித் தட்டையாகிவிடும். ஆறின அடுப்பில் ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் போய்விட்டது. கதவைச் சுற்றிலும் இப்படிப் பார்க்க வேண்டும். கயிறும் பசையும் வாங்கி ஒரு மதியப் பொழுதில் நாமே மாற்றிவிடலாம். புகைக்குழாய் இணைப்புகளையும் பாருங்கள். புகைபோக்கியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்த ஆளை வைத்துச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும், உச்சியில் உள்ள வலை கரி அடைத்திருந்தால் அதுவே போதும் புகை திரும்பி வருவதற்கு.

இழுவைக் கோளாறு கொஞ்சம் நுணுக்கமானது, எனக்கு இதில் ஆர்வம் அதிகம் என்பதால் நீட்டிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடே ஒரு புகைபோக்கிதான். உள்ளே இருக்கும் சூடான காற்று மேலே ஏறி மாடி ஜன்னல், கூரை இடுக்கு வழியாக வெளியேறும், கீழே வெற்றிடம் மாதிரி ஆகி எங்கிருந்தாவது காற்றை உள்ளே இழுக்கும். அடுப்பின் புகைபோக்கி குட்டையாக இருந்தாலோ வெளிச்சுவரில் குளிர்ந்து கிடந்தாலோ, வீடு அதைவிட நல்ல புகைபோக்கியாகிவிடும், அப்போது காற்று அடுப்பின் வழியாகவே கீழே இறங்கும். எரிக்காத நாளிலும் அடுப்பிலிருந்து கரி வாசம் வருகிறது என்றால் இதுதான் நடக்கிறது. இதனால்தான் புகை வந்ததும் பதறிப்போய் மாடி ஜன்னலைத் திறப்பது தவறு, அது வீட்டின் இழுவையைக் கூட்டி அடுப்பைத் தோற்கடிக்கும். அடுப்பு இருக்கும் தளத்திலேயே, காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சிறிது திறக்க வேண்டும். பற்றவைக்கும் முன் ஒரு காகிதச் சுருளைப் புகைக்குழாய் வாயருகே எரித்துக் குழாயைச் சூடாக்குவதும் உதவும். புகைபோக்கி உயரத்துக்கு ஒரு பழைய விதி உண்டு: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடி, பத்து அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட இரண்டு அடி உயரம். வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய் நெருக்கமாக அடைத்துக் கட்டிய வீடுகளுக்குப் பயன்படும், ஆனால் மோசமான புகைபோக்கியை அது சரிசெய்துவிடாது.

ஜன்னலைத் திறப்பதையே தினசரி வழியாக வைத்துக்கொள்ளலாமா என்றால், அவசரத்துக்குச் சரி. புகை பொங்கிவிட்டால் ஐந்து பத்து நிமிடம் திறந்து வெளியேற்றுங்கள். ஆனால் காற்றே அசையாத குளிர் இரவில், அக்கம்பக்கத்தில் எல்லோரும் எரிக்கும்போது, வெளியே இருப்பதும் புகைதான்.

புது அடுப்புக்கு வருவோம், மிகப் பெரிய செலவு இதுதான். காகிதத்தில் வித்தியாசம் பிரமாதமாக இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி தரச்சான்று இல்லாத பழைய அடுப்பு மணிக்கு 15 முதல் 30 கிராம் புகைத்துகளைக் கக்கும், 2020-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய தரம் மணிக்கு 2 கிராம், வீட்டில் எரிப்பது போன்ற பிளந்த விறகில் சோதித்தால் 2.5 கிராம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2022 முதல் புது அடுப்புகளின் புகைக்கு வரம்பு வைக்கும் எக்கோடிசைன் விதி வந்துவிட்டது. இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் புது அடுப்பு வைத்தால் வீட்டுக் காற்று பத்தில் ஒரு பங்காகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தக் கிராம் கணக்கு புகைபோக்கி வழியாகப் போவதற்கு உரியது, அறைக்குள் வருவதற்கு அல்ல.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற சிற்றூரில் 2005 தொடங்கிச் சில வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய அடுப்புகளை மாற்றினார்கள். ஊரின் வெளிக்காற்றில் குளிர்காலத் துகள் அளவு குறைந்தது. வீடுகளுக்குள்ளும் சராசரியாகக் குறைந்தது, ஆனால் வீட்டுக்கு வீடு ஏகப்பட்ட வித்தியாசம், சில வீடுகளில் குறையவே இல்லை. பின்னாளில் மொன்டானா, ஐடஹோ, அலாஸ்கா மாநிலங்களில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நேரடியாகவே ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: சிலருக்குப் புது அடுப்பு, சிலருக்கு நல்ல வடிகட்டி, சிலருக்குப் பெயருக்கு ஒரு வடிகட்டி போட்ட மெஷின். நல்ல வடிகட்டி வைத்த வீடுகளில் நுண்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனது, அடுப்பு மாற்றிய வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. விலையை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு கசக்கத்தான் செய்யும். ஈர விறகும் பழைய கதவுப் பழக்கமும் புது அடுப்போடு சேர்ந்தே அந்த வீட்டுக்குப் போயிருக்கும் என்பதுதான் என் அனுமானம்.

அதற்காகப் புது அடுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்பின் உடம்பிலேயே விரிசல் இருந்தால், கதவு கோணிப்போயிருந்தால், அல்லது திறந்த கணப்பு வைத்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், திறந்த கணப்பு சூடும் சரியாகத் தராது, புகையையும் தடுக்காது. அக்கம்பக்கத்தார் மூச்சுக்காகவும் அது நல்ல காரியம். வாங்குவது என்றால் எதை வாங்குவது? கேட்டலிஸ்ட், அதாவது புகையை மறுபடி எரியவைக்கும் தேன்கூடு மாதிரியான பாகம், வைத்த அடுப்பு மெதுவாகவும் சுத்தமாகவும் எரியும், ஆனால் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் சூடு வந்த பிறகுதான் அந்தத் தேன்கூடு வேலை செய்ய ஆரம்பிக்கும், சில வருஷத்தில் தேய்ந்தும் போகும், ஈர விறகும் குப்பையும் போட்டால் இன்னும் சீக்கிரம். கையாள்பவர் கவனமானவர் இல்லை என்றால் கேட்டலிஸ்ட் இல்லாததே நல்லது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருண்டைகளை எரிக்கும் பெல்லெட் அடுப்பு இவற்றில் சுத்தமானது, ஏனென்றால் எரிபொருள் எப்போதும் ஒரே அளவு காய்ந்தது, தானாகவே உள்ளே போகும், கதவைத் திறக்கும் வேலையே இல்லை. மின்சாரம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும் என்பது பெரிய குறை, மூட்டைகளை அடைத்த அறையில் குவித்து வைத்தால் அவற்றிலிருந்தே கார்பன் மோனாக்சைடு வரும் என்பது பலருக்குத் தெரியாத குறை. கல்லாலும் செங்கல்லாலும் கட்டும் கனத்த அடுப்பு எனக்கு மிகவும் பிடித்தது, நாளுக்கு ஒன்றிரண்டு தடவை கொழுந்துவிட்டு எரித்துவிட்டால் கல் சூட்டை வாங்கி மணிக்கணக்காக விட்டுக்கொண்டிருக்கும், கதவைத் திறக்கும் தடவையும் குறையும். ஆனால் அதன் எடைக்குத் தரை தாங்க வேண்டும், வாடகை வீட்டில் நினைத்தே பார்க்க முடியாது.

கடைசி வழி, விறகை விட்டே விலகுவது. மின்சாரத்தால் வெளிக்காற்றின் சூட்டை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் போன்ற ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு அடுப்பை மின்வெட்டு நாட்களுக்கு மட்டும் வைத்திருப்பது. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ இதய நோயோ உள்ளவரோ இருந்தால், மற்ற எல்லா வழிகளையும்விட இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். விறகு சும்மா கிடைக்கிறது, மின்சாரம் அடிக்கடி போகிறது, வேறு வழியே இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அடுப்பை அணையுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில்கூட, அந்த நோயாளி படுக்கும் அறையை அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, கதவிடுக்கை அடைத்து, அங்கே ஒரு வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிடலாம்.

சாம்பலையும் சொல்லிவிடுகிறேன், மீட்டரில் அது தனியாகத் தெரியும். சாதாரண வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் நுண்சாம்பல் பின்பக்கம் வழியாக அறை முழுக்கப் பறக்கும், உள்ளே கங்கு இருந்தால் தீயும் பிடிக்கும். ஆறவிட்டு, மெதுவாக வாரி, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கையில் இருப்பது குறைவான பணம், குளிர் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் நான் போகும் வரிசை இது: இன்றைக்கே அலாரம், இந்த வாரம் காகிதச் சோதனையும் கேஸ்கெட்டும் புகைபோக்கிச் சுத்தமும், இந்த மாதமே வடிகட்டி. இருக்கும் விறகில் ஈரம் அதிகம் என்றால் அதைப் பிளந்து சின்னதாக்கி அடுத்த வருஷத்துக்கு ஒதுக்கிவிட்டு, காய்ந்ததை வாங்கி அதோடு கலக்காமல் தனியாக எரிப்பேன். புது அடுப்புக்கான பணத்தை, இவ்வளவும் செய்து ஒரு குளிர்காலம் மீட்டரைப் பார்த்த பிறகுதான் எடுப்பேன். அடுத்த குளிருக்கான விறகைப் பிளந்து அடுக்கும் வேலை மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. கெட்டி மரம் என்றால் இப்போதே தொடங்கினாலும் அதற்கும் அடுத்த குளிருக்குத்தான் சரியாகக் காய்ந்திருக்கும்.